மயிலம்மாள் டீச்சர் செய்யாத வேலை

மயிலம்மாளுக்குப் பாடம் நடத்தத் தெரியாதுங்கிறதை சர்க்கார் கண்டுபிடிச்சது 1960-ல. அதுக்கு முன்னாடி நாலு வருஷமா அவ ஸ்ரீரங்கத்துல ஒரு பெண்கள் ஹைஸ்கூல்ல பாடம்தான் நடத்திக்கிட்டிருந்தா. அவகிட்ட படிச்ச பிள்ளைங்க சயின்ஸ்ல பாஸாகிக்கிட்டும் இருந்துச்சுங்க. அதெல்லாம் ஒரு அத்தாட்சியா? இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்தாங்க, ரிஜிஸ்டரைப் புரட்டினாங்க. மயிலம்மாள் பேருக்கு நேரா 'பி.எஸ்ஸி.' இருந்துச்சு, பக்கத்துல 'பி.டி.' இல்லை. 'அன்ட்ரெயின்டு'ன்னு சிவப்பு மையில எழுதி, அடியில ரெண்டு கோடு போட்டுட்டு, காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்பிட்டாங்க. அவ வகுப்பை எட்டிக்கூடப் பாக்கலை. பாத்திருந்தா வீணா குழப்பம்தானே வந்திருக்கும்!

நான் அக்னஸ். பாலக்கரைக்காரி. மயிலம்மாளோட சேந்து பி.டி. படிச்சவ, ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல கிடந்தவ. அவளுக்கு பௌதிகம், எனக்கு சரித்திரம். எனக்கு மூக்கு மேல கோவம்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும். இந்தக் கதையைக் கோவப்படாம சொல்ற பொறுமைசாலி யாராவது இருந்தா அவங்களே வந்து சொல்லட்டும், நான் ஒதுங்கிக்கிறேன்.

மயிலம்மாள் உப்பிலியபுரத்துப் பொண்ணு. அப்பா வெள்ளைச்சாமி கடலையும் சோளமும் போடுற சம்சாரி. அந்த வட்டாரத்துல அவதான் முதல் பி.எஸ்ஸி. ஊர்ல யாராவது, "உங்க மக என்ன படிச்சிருக்கு?"ன்னு கேட்டா அவரு நிமிந்து நின்னு, "பூதிகம்"னு சொல்லுவாரு. பௌதிகம்னு அவ எத்தனை தரம் திருத்தினாலும் அவரு வாயில அது பூதிகம்தான். அதனால பாதி ஊரு அவளுக்குப் பூதம் ஓட்டத் தெரியும்னு நினைச்சுது. மீதி ஊரு ஊசி போடத் தெரியும்னு நினைச்சுது. காய்ச்சல் வந்த பிள்ளைங்களைத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிப்பாங்களாம். இவ நெம்புகோலைப் பத்தித்தான் படிச்சேன்னு விளக்கம் சொல்லி அனுப்புவாளாம்.

ஸ்ரீரங்கம் ஸ்கூல்ல அவளுக்குன்னு ஒரு ரூம் இருந்துச்சு. லேபரட்டரின்னு வாசல்ல எழுதியிருக்கும். உள்ள ஒரு தராசு, படிக்கற்கள், ரெண்டு கப்பி, ஒரு விரிசல் விட்ட முப்பட்டகக் கண்ணாடி, அவ்வளவுதான். அவ வர்றதுக்கு முன்னாடி அதுல கிழிஞ்ச சாக்கும் உடைஞ்ச பெஞ்சும் போட்டு வச்சிருந்தாங்க. இவ கூட்டி, கழுவி, கப்பியில எண்ணெய் விட்டு, பிள்ளைங்க கையில குடுத்தா. அந்த ரூமுக்காகத்தான் அவளுக்கு அந்த உத்தியோகமே வேணும். வேற ஸ்கூலு வேற ஊருன்னு பேச்செடுத்தாலே மூஞ்சி சுண்டிப்போகும்.

ஹெட்மிஸ்ட்ரஸ் கோமளவல்லி அம்மாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னாங்களாம். "மயிலம்மா, நான் என்ன பண்ணட்டும்? போஸ்ட்டை ஒரு வருஷம் எப்படியாவது பிடிச்சு வச்சிண்டிருக்கேன். அறுபத்தொண்ணு ஜூன்ல பி.டி.யோட வாங்கோ. வரலேன்னா ட்ரெயின்ட் ஒருத்தி காத்திண்டிருக்கா. அப்புறம் பகவத் சங்கல்பம்." பகவான் பேரைச் சொல்லிட்டா நம்மளால மேல பேச முடியுதா? மயிலம்மாளும் ரூமைப் பூட்டி சாவியைக் குடுத்துட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ் மாறி எங்க பயிற்சிக் கல்லூரிக்கு வந்து சேந்தா.

பி.டி.ன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. பட்டம் வாங்கினவங்க ஹைஸ்கூல்ல நிரந்தரமா பாடம் நடத்தணும்னா, ஒரு வருஷம் பயிற்சிக் கல்லூரியில உக்காந்து எப்படி நடத்துறதுன்னு படிக்கணும். எதைச் சொல்லணும்னு பி.எஸ்ஸி.யில சொல்லிக்குடுத்துடுவாங்க. எப்படிச் சொல்லணும்னு பி.டி.யில சொல்லிக்குடுத்துடுவாங்க. யாருக்குச் சொல்றோம்ங்கிற சில்லறை விஷயத்தை ரெண்டு இடத்துலயும் விட்டுட்டாங்க.

எங்களுக்கு சயின்ஸ் கற்பிக்கும் முறைக்கு அற்புதசாமி சார். ஹைஸ்கூல் வகுப்புல ஒரு நாள்கூட நிக்காம, ஹைஸ்கூல் வகுப்புல எப்படி நிக்கணும்னு இருபது வருஷமா சொல்லிக்குடுத்துக்கிட்டிருந்தாரு. பேருக்கேத்த அற்புதம்தான். அவருக்குப் பாடக்குறிப்புன்னா உசிரு. ஒரு பீரியட் நாப்பத்தஞ்சு நிமிஷம். ஆர்வமூட்டல் அஞ்சு நிமிஷம், பாடம் முப்பது, மீள்பார்வை அஞ்சு, கரும்பலகைச் சுருக்கம் மூணு, வீட்டுப்பாடம் ரெண்டு. நோட்டுல கட்டம் போட்டு, நான் என்ன கேப்பேன், பிள்ளைங்க என்ன பதில் சொல்லும்னு ரெண்டு பக்கமும் நாமளே எழுதிடணும். பிள்ளைங்க பதிலை பிள்ளைங்களுக்கு முன்னாடியே எழுதி வச்ச ஒரே படிப்பு இதுதான்னு நினைக்கிறேன்.

மயிலம்மாள் எழுந்து நின்னு கேட்டா. "சார், நடுவுல பிள்ளைங்க ஏதாவது கேள்வி கேட்டா எந்தக் கட்டத்துல சேக்கறது?"

சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே பரிதாபமா பாத்தாரு. "நல்லா தயார் பண்ணின பாடத்துல கேள்வி வராதும்மா."

அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இவ இங்க தேற மாட்டான்னு.

விமர்சனப் பாடம்னு ஒண்ணு உண்டு. ஒருத்தி பாடம் நடத்துவா, மத்த இருபது பேரும் கடைசி பெஞ்சுல உக்காந்து குத்தம் கண்டுபிடிச்சு எழுதுவோம். மயிலம்மாள் கப்பியைப் பத்தி நடத்தினப்போ அவளுக்கு என்ன விமர்சனம் வந்துச்சு தெரியுமா? முந்தானை நிறம் கவனத்தைச் சிதறடிக்குது. கரும்பலகையில எழுதறப்போ முதுகு காட்டுறாங்க. ஒரு பிள்ளையைக் கப்பியைத் தொட விட்டதுல நாலு நிமிஷம் வீண். அந்த நாலு நிமிஷத்தை எழுதினது நான்தான். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு மார்க் வேணும்.

எங்க எல்லாருக்கும் பாடம் நடத்திப் பழகறதுக்குன்னு கான்டோன்மென்ட் பக்கம் ஒரு ஸ்கூல் உண்டு. அங்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க இருக்குதுங்களே, சேசுவே, அதுங்கதான் உண்மையிலேயே ட்ரெயின்டு! வருஷா வருஷம் புது டீச்சருங்க வந்து அதே பாடத்தை நடத்த, அதுங்களுக்கு எல்லாம் தலைகீழ் மனப்பாடம். எங்க சிரிக்கணும், எங்க யோசிக்கிற மாதிரி நெத்தியைச் சுருக்கணும், எல்லாம் தெரியும். கிளாஸ் லீடர் நஜீமா முதல் நாளே எங்களைத் தனியா கூப்பிட்டுப் பாடம் எடுத்தா.

"டீச்சர், பரீட்சை அன்னைக்கு நீங்க என்ன கேட்டாலும் நாங்க எல்லாரும் கையைத் தூக்கிடுவோம். பதில் தெரிஞ்சவங்க சோத்துக்கை. தெரியாதவங்க பீச்சாங்கை. நீங்க சோத்துக்கையாப் பாத்துக் கேட்டுக்கங்க. போன வருஷ டீச்சருங்கல்லாம் இப்படித்தான் பாஸ் பண்ணினாங்க."

பின்னாடி உக்காந்திருக்கிற பரீட்சை அதிகாரிக்கு நாப்பது கையும் ஒண்ணாத் தெரியும். எழுந்து நிக்கிற பிள்ளை எப்பவும் சரியாத்தான் சொல்லும். அட, இந்த மூளைக்கு டெல்லியில மந்திரி வேலையே குடுக்கலாம்! நான் உடனே ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்டு, எங்க அத்தான் கிளமென்ட்டை விட்டு அக்பர் படம் ஒண்ணு வரைஞ்சு வாங்கி, அந்த மீசையைக் காட்டியே பரீட்சையில நல்ல மார்க்கும் வாங்கினேன். படம் வரைஞ்சவருக்குத்தான் பி.டி. குடுத்திருக்கணும்.

மயிலம்மாள் மட்டும் நஜீமாகிட்ட, "அதெல்லாம் வேண்டாம்மா. தெரியலைன்னா தெரியலைன்னு கேளுங்க. அதுக்குத்தானே நான் வர்றேன்"னு சொல்லிட்டா. நஜீமா என்னைப் பாத்தா. நான் நஜீமாவைப் பாத்தேன்.

1961 மார்ச்சுல பாடம் நடத்துற பரீட்சை. முந்தின நாள் சீட்டுக் குலுக்கி அவளுக்கு விழுந்த பாடம் 'வேலை'. சாதாரண வேலை இல்லை, பௌதிக வேலை. ஒரு பொருள் மேல விசையைச் செலுத்தி, அந்த விசையோட திசையில பொருள் நகந்தாத்தான் வேலை. விசையை நகந்த தூரத்தால பெருக்கினா அடி-பவுண்டு கணக்குல விடை வரும். நகரலைன்னா வேலை பூஜ்யம். மலைக்கோட்டையை நாள் முழுக்கத் தள்ளினாலும் பூஜ்யம். காலேஜ்ல இதையெல்லாம் இங்கிலீஷ்ல 'வொர்க்'னு படிச்சப்போ ஒரு தொல்லையும் இல்லையாம். தமிழ்ல வேலைன்னு சொன்னதுமே காந்தி மார்க்கெட் மொத்தமும் வகுப்புக்குள்ள வந்து உக்காந்துடுச்சு.

பாடம் நல்லாத்தான் போச்சு. சாயங்காலம் அவ என்கிட்ட வரி விடாம சொன்னா. ஆர்வமூட்டல் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. அடி-பவுண்டுன்னதும் பிள்ளைங்க முதுகைத் தடவிக்கிட்டு சிரிச்சுது, அதுவும் குறிப்புல எழுதின சிரிப்புதான். மெட்ராஸ்ல இருந்து வந்த பரீட்சை அதிகாரிங்க ரெண்டு பேரும் தலையாட்டிக்கிட்டே எழுதினாங்க. இருபத்தெட்டாவது நிமிஷத்துல குறிப்புல இருந்த உதாரணத்தைச் சொன்னா. "தலையில சுமையோட சமதளத்துல நடக்கிற ஒருத்தர், அந்தச் சுமை மேல செய்யிற வேலை எவ்வளவு? சுமையைத் தூக்கிப் பிடிக்கிற விசை மேல் நோக்கி. சுமை நகர்றது முன்னால. அதனால வேலை பூஜ்யம்."

மூணாவது பெஞ்சுல ஒரு பொண்ணு எழுந்துச்சு. பேரு இருளாயி. கையெல்லாம் தூக்கலை. நேரா எழுந்துச்சு.

"டீச்சர், எங்கம்மா காந்தி மார்க்கெட்டுல வாழைத்தார் சுமக்குது. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் சுமக்குது. அப்ப எங்கம்மா வேலையே செய்யலையா?"

மயிலம்மாள் குறிப்பைப் பாத்தா. குறிப்புல அந்தக் கேள்வி இல்லை, நல்லா தயார் பண்ணின பாடமாச்சே! "அது அப்புறம் பாக்கலாம், உக்காரு"ன்னு ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. பி.டி. பாஸு, ஸ்ரீரங்கம் ரூம் சாவி கையில.

என் புண்ணியவதி என்ன பண்ணினா? மேஜை மேல இருந்த பத்து பவுண்டு படிக்கல்லை எடுத்து இருளாயி கையில குடுத்து, "கையை நீட்டிப் பிடி"ன்னா. அவளும் பிடிச்சா. ஒரு நிமிஷம் ஆச்சு, ரெண்டு நிமிஷம் ஆச்சு, கை நடுங்க ஆரம்பிச்சுது.

"கல்லு நகந்துச்சா?"

"இல்லீங்க டீச்சர்."

"கை வலிக்குதா?"

"உசிரு போகுதுங்க."

"கல்லுக்கு ஒண்ணுமே நடக்கலை, அதனால கல்லு மேல செஞ்ச வேலை பூஜ்யம். புஸ்தகம் கல்லை மட்டும்தான் கேக்குது. உன் கைக்குள்ள பாரு, தசைநார் சுருங்கிச் சுருங்கி விரிஞ்சுக்கிட்டே இருக்கு. காலையில நீ சாப்பிட்ட சோறு அங்க செலவாகுது. சூடா வருது, வேர்வையா வருது. உங்கம்மா உடம்பு அந்த வேலையை நாள் பூரா செய்யுது. அது வாழைத்தாருக்குப் போய்ச் சேரலை, அவங்க கழுத்துலயே நின்னுபோகுது. பூஜ்யம்ங்கிறது வாழைத்தாருக்கு. உங்கம்மாவுக்கு இல்லை."

அப்புறம் யாரு விட்டா? ஒவ்வொரு பிள்ளையா வந்து கல்லைப் பிடிச்சுப் பாத்துச்சு. நஜீமா பிடிச்சா. தூங்குமூஞ்சி கடைசி பெஞ்சு பிடிச்சுது. மீள்பார்வை இல்லை, கரும்பலகைச் சுருக்கம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. ஏழாவது பிள்ளை கையில கல்லு இருக்கிறப்போ மணி அடிச்சுட்டாங்க. அதிகாரிங்க நோட்டை மூடிட்டு எழுந்து போயிட்டாங்க.

இதை என்கிட்ட சொல்றப்போ அவ கண்ணு பளபளன்னு இருந்துச்சு. "அக்னஸ், இன்னைக்குத்தான்டி நான் ஒழுங்கா ஒரு பாடம் நடத்தினேன்"னா. எனக்கு அவளை அறையலாமான்னு வந்துச்சு, கட்டிப் பிடிச்சு அழலாமான்னும் வந்துச்சு. ரெண்டும் செய்யாம, "போய்ப் படு, மூதேவி"ன்னு சொல்லிட்டேன்.

ரிசல்ட் வந்துச்சு. எழுத்துப் பரீட்சை எல்லாத்துலயும் நல்ல மார்க். பாடம் நடத்துறதுல ஃபெயில். 'பாடத்தை முடிக்கவில்லை. வகுப்பு கட்டுப்பாட்டை மீறியது'ன்னு எழுதியிருந்தாங்கன்னு அற்புதசாமி சார் அவளைக் கூப்பிட்டுச் சொன்னாரு. "நான்தான் அப்பவே சொன்னேனேம்மா, கேள்வி வரக்கூடாதுன்னு"ன்னாரு. நாலு வருஷம் பாடம் நடத்தினவளுக்குப் பாடம் நடத்தத் தெரியலைங்கிறது இப்போ சர்க்கார் செலவுல நிரூபணமும் ஆயிடுச்சு.

இன்னொருத்தியும் அந்த வருஷம் ஃபெயில். இருளாயி. அந்த ஸ்கூல் முழுப்பரீட்சையில அதே கேள்வி வந்துச்சாம், சுமையோட நடக்கிறவர் செய்யிற வேலை எவ்வளவுன்னு. அந்தப் பொண்ணு தசைநார், சோறு, வேர்வை, அவங்கம்மா கழுத்துன்னு அரைப் பக்கம் எழுதி வச்சிருக்கு. பூஜ்யம்னு எழுதலைன்னு பூஜ்யம் போட்டுட்டாங்க. சயின்ஸ்ல மூணு மார்க்குல போச்சு. ஒன்பதாம் வகுப்பையே திரும்பப் படின்னுட்டாங்க. இதை நஜீமா சொல்லி மயிலம்மாள் கேட்டப்போ ரெண்டு நாள் சாப்பிடலை.

கோமளவல்லி அம்மாள் பெரிய மனசு பண்ணி இன்னும் ஒரு வருஷம் தள்ளினாங்க. "இதுவே கடைசி, மயிலம்மா. இதுக்கு மேல எனக்கு சக்தி கிடையாது." தமாஷைப் பாருங்க, அந்த வருஷம் அதே ஸ்ரீரங்கம் ஸ்கூல்ல சரித்திர டீச்சரா எனக்கு வேலை கிடைச்சுது. அக்பர் மீசை வாங்கிக் குடுத்த வேலை. அவளோட பூட்டின ரூமைத் தாண்டித்தான் நான் தினம் வகுப்புக்குப் போவேன். எனக்கு வெக்கமாத்தான் இருக்கும்.

அவ உப்பிலியபுரத்துக்குப் போயிட்டா. பூதத்தைப் பத்திப் படிச்ச பொண்ணு பூதத்துக்கிட்டயே தோத்துப்போச்சுன்னு ஊர்ல பேசினாங்களாம். வெள்ளைச்சாமி மட்டும் ஒரே வார்த்தை, "மறுபடி எழுதும்மா"ன்னாராம். கடலை பிடுங்குற நேரம் தவிர வீட்டுல அவ கையில வேலை எதுவும் குடுக்கலை. அதுதான் அவளை ரொம்பக் குத்திச்சு. எனக்கு எழுதின காயிதத்துல, 'இந்தத் தடவை நான் பாஸாகிவிடுவேன் அக்னஸ், எப்படியாவது'ன்னு எழுதியிருந்தா. அந்த 'எப்படியாவது' எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனா நல்லவேளை புத்தி வந்துச்சேன்னு மெழுகுவத்தியும் ஏத்தினேன். மாதாவுக்கே குழப்பமாத்தான் இருந்திருக்கும்.

1962 மார்ச். அதே கான்டோன்மென்ட் ஸ்கூல், அதே ஒன்பதாம் வகுப்பு, அதே மாசத்துப் பாடம். சீட்டுல அதே 'வேலை'. நான் லீவு போட்டுட்டு வந்து, வராந்தாவுல ஜன்னல் பக்கமா நின்னுக்கிட்டேன். நஜீமா பத்தாவதுக்குப் போயிட்டாலும் அவ சட்டம் வகுப்புல அப்படியே இருந்துச்சு. இந்தத் தடவை மயிலம்மாளே பிள்ளைங்ககிட்ட, "தெரிஞ்சா சோத்துக்கை, தெரியலைன்னா மத்த கை"ன்னு சொல்லிவச்சிருந்தா. மூணாவது பெஞ்சுல இருளாயி. ஒரு வருஷத்துல உசரம் கூடியிருந்துச்சு, தாவணி போட்டிருந்துச்சு.

ஆர்வமூட்டல் அஞ்சு நிமிஷம். மயிலம்மாள் முதுகு காட்டலை, பழுப்புப் புடவையில வந்திருந்தா. கேள்வி கேட்டா நாப்பது கை எழும்பும், ஒரு சோத்துக்கை எழுந்து நிக்கும், பதில் சரியா வரும். அப்படி ஒரு ஒழுங்கு! பாத்துக்கிட்டிருந்த எனக்குக் கொட்டாவி வந்துச்சு, அதிகாரிங்களுக்கு ஆனந்தம் வந்துச்சு.

இருபத்தெட்டாவது நிமிஷம் வந்துச்சு. "தலையில் சுமையுடன் சமதளத்தில் நடப்பவர், சுமையின் மீது செய்யும் வேலை எவ்வளவு?"

நாப்பது கை எழும்புச்சு. அதுல பாதி பீச்சாங்கை. இருளாயி தூக்கினது சோத்துக்கை. சும்மா தூக்கலை, பெஞ்சை விட்டு பாதி எழுந்து, கையை உசத்தி ஆட்டி, "டீச்சர், டீச்சர்"னு கெஞ்சுது. அந்த வகுப்புல அந்தக் கேள்விக்கு நிஜமா பதில் தெரிஞ்சது அந்த ஒரு பிள்ளைக்குத்தான். தெரியவச்சது இவதான். அதுக்கு ரெண்டு பேரும் ஒரு வருஷம் குடுத்திருக்காங்க.

மயிலம்மாள் அவளைப் பாத்தா. பாக்கலைன்னு நான் சொல்ல மாட்டேன், ஜன்னல்ல இருந்து எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. கேட்டா அந்தப் பிள்ளை என்ன சொல்லும்னு அவளுக்குத் தெரியும், பூஜ்யத்தோட நிறுத்தாது. கல்லைக் கேக்கும், கழுத்தைச் சொல்லும், மணி அடிச்சுடும். பார்வையை நகத்தி முதல் பெஞ்சைக் காட்டி, "நீ சொல்லு"ன்னா.

"பூஜ்யம், டீச்சர்."

"சபாஷ்."

மீள்பார்வை அஞ்சு நிமிஷம், கரும்பலகைச் சுருக்கம் மூணு, வீட்டுப்பாடம் ரெண்டு. கடைசி வார்த்தைக்கும் மணிக்கும் நடுவுல ஒரு இழை இடைவெளி இல்லை. அதிகாரிங்கள்ல ஒருத்தர் எழுந்து வந்து கை குலுக்காத குறைதான். இருளாயி கை எப்போ இறங்குச்சுன்னு நான் கவனிக்கலை. நானும் மணியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

வெளிய வந்தோம். குழாயடியில இருளாயி நின்னுக்கிட்டிருந்தா. அழலை, கோவமும் இல்லை. ஏதோ தப்பு நடந்துபோச்சு, திருத்திடலாம்ங்கிற மாதிரி மயிலம்மாள்கிட்ட வந்து சொன்னா.

"டீச்சர், நான் சோத்துக்கையைத்தான் தூக்குனேன்."

மயிலம்மாள் குனிஞ்சு குழாயைத் திறந்தா. எனக்குத்தான் எதுக்கும் வாய் வருமே, நான், "உனக்குத் தெரியும்னு டீச்சருக்குத் தெரியும், அதான் கேக்கலை"ன்னு என்னமோ உளறினேன். அந்தப் பொண்ணு தலையை ஆட்டிட்டுப் போயிடுச்சு. அந்த வருஷத்தோட படிப்பை நிறுத்திட்டு அம்மா கூடவே மார்க்கெட்டுக்குப் போயிடுச்சுன்னு பின்னால கேள்விப்பட்டோம். மயிலம்மாள் ரெண்டு தரம் மார்க்கெட்டுக்குப் போய்த் தேடினா. ஒரு தரம் நானும் போனேன். தலையில தாரு இருந்தா ஆளு முகம் எங்க தெரியுது?

ஜூன்ல ஸ்ரீரங்கம் ரிஜிஸ்டர்ல 'பி.எஸ்ஸி., பி.டி.'ன்னு ஏத்தினாங்க. சிவப்பு மை இல்லை, நீல மை. ரூம் சாவி கைக்கு வந்துச்சு. கோமளவல்லி அம்மாள் பெருமாள் கோயில் பிரசாதம் குடுத்தாங்க. அன்னைக்கு சாயங்காலம் அவ அந்த ரூம்ல தனியா உக்காந்து அழுதா. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். அவ செஞ்சது தப்புன்னு அவளுக்குத் தெரியும், வேற வழி இல்லைன்னு எனக்குத் தெரியும், ரெண்டையும் வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு எந்தப் பாடக்குறிப்புலயும் இல்லை.

அஞ்சு வருஷம் போச்சு. 1967-ல எங்க ஸ்கூலுக்கும் பி.டி. பிள்ளைங்களை அனுப்ப ஆரம்பிச்சாங்க. மயிலம்மாளை வழிகாட்டும் ஆசிரியைன்னு போட்டாங்க. கடைசி பெஞ்சுல உக்காந்து, வர்றவங்க பாடத்தைப் பாத்துக் குத்தம் எழுதணும். இப்படியும் ஒரு தண்டனை!

நசீரான்னு ஒரு பொண்ணு வந்துச்சு, அதுவும் பி.எஸ்ஸி. பயந்த சுபாவம். அன்னைக்கு அதோட கடைசிப் பாடம், இந்த மார்க்குதான் கல்லூரிக்குப் போகும். தண்ணி எப்படி ஆவியாகுதுன்னு நடத்திக்கிட்டிருந்துச்சு. நான் அடுத்த வகுப்புக்காக வராந்தாவுல நின்னுக்கிட்டிருந்தேன். நாப்பத்திநாலாவது நிமிஷத்துல எட்டாம் வகுப்பு வாண்டு ஒண்ணு எழுந்து, "டீச்சர், வெயில்ல துணி காயுது சரி. ராத்திரி ஏன் காயுது?"ன்னுச்சு.

நசீரா கையில இருக்கிற குறிப்பைப் பாக்குது, கடைசி பெஞ்சைப் பாக்குது. மயிலம்மாள் எழுந்து வெளிய வந்துட்டா. கோவிச்சுக்கிட்டுப் போறாங்கன்னு அந்தப் பொண்ணு நினைச்சிருக்கும். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

எங்க ஸ்கூல் மணின்னா வராந்தாவுல தொங்குற தண்டவாளத் துண்டு. அடிக்கிறதுக்கு ஒரு முழ இரும்புக் கம்பி. ப்யூன் அம்மாசி கம்பியை ஓங்கிக்கிட்டு கடிகாரத்தைப் பாத்து நின்னாரு. மயிலம்மாள் நேரா அவருகிட்ட போய், "இப்படிக் குடுங்க அண்ணே"ன்னு கம்பியை வாங்கிக்கிட்டா. வாங்கி, கையை நீட்டி, தண்டவாளத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டா. அம்மாசி என்னைப் பாத்தாரு. நான் சும்மா இருங்கன்னு கண்ணைக் காட்டினேன்.

மணி தாண்டிப்போச்சு. உள்ள நசீரா குறிப்பை மூடிட்டு, பிள்ளைங்களைக் கையில தண்ணி தடவி ஊதச் சொல்லுது. சிரிப்புச் சத்தம் கேக்குது. அஞ்சு நிமிஷம் ஆச்சு. கோமளவல்லி அம்மாள் ஆபீஸை விட்டு வெளிய வந்துட்டாங்க. மணி தப்பினா அவங்களுக்கு ஆறுகால பூஜையே தப்பின மாதிரி.

"மயிலம்மா! பீரியட் முடிஞ்சு அஞ்சு நிமிஷம் ஆறது. இங்க நின்னுண்டு என்ன வேலை பண்றேள்?"

"வேலையே செய்யலீங்கம்மா. கம்பி நகரலை பாருங்க. பூஜ்யம்தான்."

அந்த அம்மாவுக்குப் பௌதிகம் தெரியாது. ஆனா காது நல்லா கேக்கும். ஜன்னல் பக்கமா ஒரு நிமிஷம் நின்னு உள்ள நடக்கிற கூத்தைக் கேட்டாங்க. "உங்களுக்கெல்லாம் பி.டி. குடுத்தாளே, அவாளைச் சொல்லணும்"னு முணுமுணுத்துக்கிட்டு ஆபீஸுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

ஏழு நிமிஷம் ஆச்சு. மயிலம்மாள் கை நடுங்க ஆரம்பிச்சுது. நெத்தியில வேர்வை. கையை இறக்கிக்கலாம், யாரும் கேக்கப் போறதில்லை. அவ இறக்கலை. உள்ள இன்னும் பிள்ளைங்க சத்தம் ஓயலை.

நான் பக்கத்துல போனேன். "இப்படிக் குடுடி"ன்னேன். "நானும் கொஞ்ச நேரம் வேலை செய்யாம நிக்கிறேன்."